மூச்சறையின் காவல்

நுழையும்முன்
பகையை எரிக்கும் தீ தன் வீட்டையே எரித்துவிடலாகாது. நுரையீரல் அத்தீயை மூட்டுவதும் அணைப்பதும் நொதிகளால்தான்.

சேலம், நாமக்கல் சமவெளியில் கோழிப்பண்ணைகள் மிகுதி. அங்குத் தீவனத் துகளும் இறகுத் தூளும் உலர்ந்த எச்சமும் காற்றில் கலக்கின்றன. அத்தூசியில் பாக்டீரியாக்களின் சுவர்ப்பகுதியாகிய அகநச்சும் உண்டு. அது காற்று நுண்ணறைகளை அடைந்ததும் பெருவிழுங்கு செல்கள் எதிர்கொள்கின்றன. விழுங்கும் செல்களை ஆராய்ந்த மெட்சினிக்காப், பால் எர்லிக்குடன் 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அகநச்சை உணர்வது, செல்லின் மேற்பரப்பிலுள்ள டிஎல்ஆர்-4 என்னும் ஏற்பி. இதனை 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் வெளிப்படுத்தினர். ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லினுள் கைனேஸ் நொதிகள் ஒன்றையடுத்து ஒன்றாக விழிப்படைகின்றன. பாஸ்பேட்டைப் பிற புரதங்களில் பொருத்துவதே இவற்றின் பணி. முடிவில் ஒரு கைனேஸ், தடைப்புரதத்தின்மீது பாஸ்பேட்டைப் பொருத்துகிறது; தடைப்புரதம் சிதைகிறது. அதனால் கட்டுண்டிருந்த என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் விடுபட்டு, உட்கருவினுள் நுழைந்து மரபணுக்களை இயக்குகிறது. சைட்டோகைன்கள் தோன்றி, இரத்த வெள்ளையணுக்களை அழைக்கின்றன. இதுவே அழற்சி.

அணைக்கும் ஏற்பாடும் உடனிருக்கிறது. பாஸ்படேஸ் நொதிகள் பாஸ்பேட்டை நீக்குகின்றன. என்எஃப்-கப்பா பி தன்னைக் கட்டும் தடைப்புரதத்தையும் புதிதாக உருவாக்கச் செய்கிறது. ஆனால் நாள்தோறும் தூசியைச் சுவாசிப்போருக்குத் தீ அணையுமுன் மீண்டும் மூள்கிறது. இருமலும் இரைப்பும் நிலைத்துவிடக்கூடும். ஆகவே முகக்கவசமும் காற்றோட்டமான கொட்டகையும் உழைப்போரின் மூச்சுக்கான காப்பாகும்.

கற்பவை கற்றபின்
தூசி மிகுந்த தொழில் ஒன்றைத் தேர்ந்து, அங்கு உழைப்போரின் மூச்சைக் காக்கும் வழிகளைப் பட்டியலிடுக.