ஆஸ்பத்திரிக்கு மட்டுமா பேராதனை?



நம்ம தோட்டங்களில் யாராவது "பேராதனைக்குப் போகணும்" என்று சொன்னால், "யாருக்கு என்ன வருத்தம்?" என்றுதான் பக்கத்துக் காம்பராவில் கேட்பார்கள். பெரியாஸ்பத்திரியும் பிள்ளைகள் ஆஸ்பத்திரியும் அங்கே இருக்கின்றன. கிளினிக் துண்டோடு போய், வரிசையில் நின்று, மருந்தை வாங்கிக்கொண்டு, பொழுது சாயும் முன் பஸ் ஏறிவிடுகிறோம். மகாவலி கங்கைக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன நகரத்தில் வேறு என்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

நோயில்லாத ஒரு நாளில், கடன் படாமல், பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய் வருவது எப்படி? அதுதான் நம்முடைய இந்தப் பாடம்.

1. கடன் வேண்டாம், பேணி போதும்

சுற்றுலா என்றதும் வேன், பாட்டுப் பெட்டி, இறைச்சிக் கறி, போத்தல் என்று நினைத்துவிடுகிறோம். அதற்காக வட்டிக்கும் வாங்குகிறோம். ஒரு நாள் சந்தோஷத்துக்கு ஆறு மாதம் வட்டி கட்டினால், அந்த ஆறு மாதமும் அடுப்படியில் சண்டைதான். பிள்ளையின் மனதில் பயணம் நிற்காது, சண்டைதான் நிற்கும்.

ஒரு பால்மா பேணியில் துளை போட்டு வையுங்கள். வாரம் 250 ரூபா போட்டால் 12 வாரத்தில் 3,000 ரூபா சேரும். பிள்ளைகளையும் 10, 20 ரூபா போடச் சொல்லுங்கள். அவர்கள் போட்ட காசு என்றால் பேணியை உடைக்க விடமாட்டார்கள்!

பிறகு ஒரு கொப்பித் தாளில் கணக்கு எழுதுங்கள். பஸ் காசு போக எவ்வளவு, வர எவ்வளவு. சின்னப் பிள்ளைகளுக்கு அரை டிக்கட். பூங்கா டிக்கட் எவ்வளவு. பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் அல்லது யோகட் ஒரு முறை. அவசரத்துக்குத் தனியாக ஒரு தொகை. கூட்டிப் பார்த்துக் காசு போதாவிட்டால் இன்னும் நாலு வாரம் பொறுங்கள். கடன் வாங்க வேண்டாம்.

வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் போனால் பேர் உடையாது. போயா தினமும் நல்லது. அன்று சாராயக் கடை மூடியிருக்கும், கையில் உள்ள காசு கையிலேயே இருக்கும்.

2. போகும் வழியே ஒரு பாடம்

ஹற்றன் பக்கத்தார் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகும் கண்டி பஸ்ஸில் ஏறலாம். நுவரெலியாப் பக்கத்தார் றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக வரலாம். சாதாரண பஸ்ஸே போதும். கண்டக்டரிடம் "பூங்காவுக்குக் கிட்ட இறக்கிவிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. ஆகவே ரயிலில் போக நினைப்பவர்கள் முதலில் ஸ்டேசனில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கம்பளையைத் தாண்டும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: 1820களில் முதல் கோப்பித் தோட்டங்கள் உண்டானது இந்தப் பக்கத்தில்தான். அந்த வேலைக்காகத்தான் நம் முன்னோர் கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே நடந்து மலைக்கு வந்தார்கள். 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று நினைவு கூர்ந்தோமே, அதன் தொடக்கம் இங்கேதான்.

கங்கையையும் காட்டுங்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை ஓயாவாக ஓடி மகாவலியில் சேருகிறது. நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தண்ணீரோ களனி கங்கைக்குப் போகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. இலங்கையில் மிக நீளமான கங்கை இதுதான். நம்ம பீலியில் வழிகிற தண்ணீர் எந்தக் கங்கைக்குப் போகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

3. பூங்காவில் என்ன பார்ப்பது?

பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் தொடங்கியது. மகாவலி அதை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. வெளிநாட்டாரை விட நம் நாட்டாருக்கு டிக்கட் மிகவும் குறைவு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

உள்ளே போனால் ஓடி ஓடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த நாலையும் நின்று பார்த்தால் போதும்:

அ) இரட்டைத் தேங்காய் மரம். சீஷெல்ஸ் தீவுகளில் பிறந்த மரம். ஒரு காய் முற்றுவதற்கு ஆறு, ஏழு வருடம் எடுக்கும். உலகத்திலேயே பெரிய விதை இதனுடையதுதான்.

ஆ) நாகலிங்க மரம். பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் வந்தபோது நட்டது. அடிமரத்திலேயே பூவும் குண்டு போன்ற காயும் தொங்கும்.

இ) கங்கைக் கரையில் உள்ள மூங்கில் புதர். அப்பாவின் தொடை அளவு தடிப்பம்! எட்டி நின்று பாருங்கள்.

ஈ) மர உச்சியில் தலைகீழாகத் தொங்கும் பழ வெளவால் கூட்டம். கீழே விழுந்து கிடக்கும் வெளவாலையோ, அது கடித்த பழத்தையோ தொடக்கூடாது.

இவற்றை விட முக்கியமான ஒன்று உண்டு. 1824இல் சீனத்துத் தேயிலைச் செடி இந்தப் பூங்காவில்தான் நடப்பட்டது. 1839இல் அசாம் தேயிலை விதையும் இங்கே வந்தது. அப்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, நாடெல்லாம் கோப்பிதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869 முதல் கோப்பி இலையில் நோய் விழுந்து, கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதன் பிறகே மலை முழுக்கத் தேயிலை ஏறியது. "அம்மா தினமும் பறிக்கிற கொழுந்து இலங்கையில் முதலில் முளைத்த இடம் இது" என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். இதைச் சொல்ல வழிகாட்டி தேவையில்லை. நம்மை விட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

4. பல்கலைக்கழகத்தையும் காட்டுங்கள்

பேராதனையிலிருந்து கலஹாப் பக்கம் போகும் பஸ் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே போகிறது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே வந்தது. வளாகத்துக் குன்றில் குறிஞ்சிக்குமரன் ஆலயம் இருக்கிறது. ஏறிப்போய்க் கும்பிடலாம், காசு செலவில்லை. அங்கே தமிழ் பேசும் மாணவ மாணவியரைப் பிள்ளை பார்க்கட்டும். அவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. "இது பெரிய ஆட்களின் இடம்" என்ற பயம் ஒரு தடவை வாசலைத் தாண்டினாலே பாதி குறைந்துவிடும். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்திருந்தால், ஓ.எல். முடிந்ததும் "படிச்சது போதும்" என்று நிற்க மனம் வராது.

5. கொண்டு போக வேண்டியவை

வாழையிலையில் கட்டிய சோறும் பருப்பும், அல்லது ரொட்டியும் சம்பலும். வெயிலில் கெட்டுப்போகும் மீன், முட்டை வேண்டாம். ஆளுக்கு ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர். குடை, துவாய், மாற்றுச் சட்டை ஒன்று. பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஒரு தேசிக்காயும் ஒரு பையும். வீட்டு விலாசமும் போன் நம்பரும் எழுதிய துண்டை ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வையுங்கள். அப்பாயி, தாத்தாவையும் கூட்டிப் போங்கள். நடக்க முடியாவிட்டால் மர நிழலில் உட்கார்ந்திருக்கலாம். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

6. கங்கையில் இறங்கக் கூடாது

இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மகாவலி மேலே அமைதியாகத் தெரியும். அடியில் இழுப்பும் குழியும் இருக்கும். பேராதனையில் வெயில் அடிக்கும்போதே மேல் மலையில் மழை பெய்து தண்ணீர் ஏறலாம். அணைக்கட்டுக் கதவைத் திறந்தாலும் ஏறும். தண்ணீர் கலங்கி, குப்பையும் கொப்பும் மிதந்து வந்தால் உடனே கரையை விட்டு விலக வேண்டும். டித்வா நாட்களில் இதே கங்கை என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். கரையோரத்தில் சின்னப் பிள்ளையின் கை பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். "கால் மட்டும் நனைக்கிறேன்" என்றாலும் விடாதீர்கள். மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பேணியில் உள்ள காசு எங்கேயும் போகாது.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

1. நம்ம தோட்டத்துத் தண்ணீர் எந்தக் கங்கையில் சேருகிறது?
2. பேராதனையில் தேயிலை எந்த ஆண்டு நடப்பட்டது?
3. பூங்காவில் நீ பார்த்த மரங்களில் எது உனக்குப் பிடித்தது? ஏன்?
4. போய் வர மொத்தம் எவ்வளவு செலவு? மிச்சம் எவ்வளவு?

போய் வந்த பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதி, ஒரு படமும் வரைந்து, பிள்ளை மடுவத்திலோ நலன்புரி அலுவலகத்திலோ கொடுங்கள். சுவரில் ஒட்டி வைப்போம். இன்னும் போகாத பிள்ளைகள் அதைப் பார்த்து, வீட்டில் போய்ப் பேணி கேட்கட்டும்.