ஜீப் வண்டியின் பிரேக் குழாயை மாற்றுதலும் முனை விரித்தலும்

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு ஜீப் வண்டியானது ஏருக்கும் மாட்டுக்கும் அடுத்த துணையாகி வருஷங்கள் பல சென்றுவிட்டன. ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளில் காலையில் ஏறும் ஜீப்புகள் மாலையில் இறங்குகின்றன. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டையூசி வளைவுகள் உள. ஏறும்பொழுது இஞ்சினை நம்பும் வண்டி இறங்கும்பொழுது பிரேக்கை நம்புகிறது. பிரேக்கோ, பென்சிலின் பருமன்கூட இல்லாத ஒரு குழாயை நம்பியிருக்கிறது.

குழாயின் தொழில்

மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைக் குழாய்களின் வழியே சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு அறை ஒன்றே. ஆதலால் ஒரு குழாய் வெடிப்பின் நான்கு சக்கரங்களிலும் பிரேக் அற்றுப்போகும். பிற்கால வண்டிகளில் இரு பிரிவுகள் இருப்பதால் ஒன்று கெடினும் மற்றொன்று ஓரளவு உதவும்.

கெடும் விதம்

சட்டத்துடன் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில் சேறு தங்குவதால் அங்கேதான் துரு முதலில் பற்றும். வாழைக்கும் திராட்சைக்கும் இடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. மூட்டையிலிருந்து சிந்தும் உரம் ஈரத்துடன் கலந்து இரும்பை விரைவில் அரிக்கும். ஆகையால் உரம் ஏற்றிய வண்டியின் அடிப்பாகத்தை அன்றே நீர்விட்டுக் கழுவுதல் நலம். கிளிப்பைக் கழற்றிப் பார்க்கையில் குழாய் செதில் செதிலாக உரிந்திருந்தாலும், குழி விழுந்திருந்தாலும், கசிவு தோன்றாவிடினும் மாற்றிவிட வேண்டும்.

சாமான்கள்

பிரேக்கிற்கென விற்கும் இரட்டைச் சுவர் எஃகுக் குழாயோ, செம்பு-நிக்கல் கலவைக் குழாயோதான் ஏற்றது. குளிர்பெட்டிக்குரிய வெறும் செம்புக் குழாய் அதிர்ச்சியால் இறுகி வெடிக்குமாதலால் உதவாது. பெரும்பாலும் வழங்கும் பருமன் 4.75 மில்லிமீட்டர், அதாவது 3/16 அங்குலம். நட்டின் மரையும் முனையின் வடிவமும் வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், பழைய குழாயைக் கடைக்கு எடுத்துச்சென்று ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

முனை விரித்தல்

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டின்மீது தாங்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகலாகாது.

2. பழைய குழாயின் வளைவுகளை ஒட்டி நூல் பிடித்து அளந்து, சற்றே அதிகமாக விட்டு, குழாய் வெட்டும் கருவியால் வெட்டவேண்டும். ரம்பம் உபயோகித்தால் முனை கோணலாகும். தூளும் உள்ளே விழும். வெட்டியபின் உட்பிசிறையும் வெளிவிளிம்பையும் செம்மையாக்க வேண்டும்.

3. நட்டை முதலில் கோத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து இரு முனைகளையும் விரித்தவர் மீண்டும் வெட்டத்தான் நேரும்.

4. அச்சுப் பட்டையில் குழாயைப் பிடித்து, மாற்றுக்கட்டையின் படி உயரத்திற்கு மட்டும் முனையை வெளியே நீட்டி, திருகை இறுக்கவேண்டும். முனைக்கு ஒரு துளி பிரேக் ஆயில் போதும். மாற்றுக்கட்டையை அமுக்கியபின் அதை நீக்கி, கூம்பினால் மறுபடி அமுக்கினால் விளிம்பு உள்ளே மடிந்து இரட்டை விரிவாகும். ஒரே முறை விரித்த முனை பிளக்குமாதலால் பிரேக்கிற்கு ஆகாது. சில வண்டிகளில் காளான் போன்ற குமிழ்முனை இருக்கும். ஒன்றிற்கு மற்றொன்றைப் பொருத்தலாகாது.

5. விரிவு நடுவொத்து, வெடிப்பும் கீறலுமின்றி இருத்தல் வேண்டும். சந்தேகமிருப்பின் வெட்டிவிட்டு மீண்டும் செய்க. முன்னதாக, கழித்த துண்டுகளில் பலமுறை பழகிக்கொள்ளுதல் அவசியம்.

பொருத்துதலும் காற்றை நீக்குதலும்

குழாயினுள் சுத்தமான காற்றை ஊதித் தூளை அகற்றி, நட்டின் முதற்சுற்றுகளைக் கையாலேயே ஏற்றி, பின் அதற்குரிய ஸ்பானரால் இறுக்கவேண்டும். உலோகத்தோடு உலோகம் பொருந்துவதே இங்கு அடைப்பு. ஆகவே நூலோ டேப்போ சுற்றலாகாது. மூடியில் குறித்துள்ள வகைப் பிரேக் ஆயிலையே ஊற்றவேண்டும். இஞ்சின் ஆயில் பட்டால் ரப்பர்கள் ஊதிக் கெடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதியதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு. ஈரமேறியபின் 140 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி அது கொதித்து ஆவியாகுமாயின் மிதி தரைவரை போய்விடும். திறந்து நாட்பட்ட டப்பாவைக் கழிப்பது இதனாலேயே.

காற்றை நீக்க, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் நிப்பிளைத் திறந்து, மிதியை விடுமுன் மூடவேண்டும். குமிழ் வருவது நிற்கும்வரை இதைத் தொடர்க. இடையே தொட்டியில் ஆயில் குறையலாகாது.

சோதனை

மிதியை ஒரு நிமிஷம் பலமாக அழுத்தினால் அது மெல்லக் கீழிறங்கலாகாது. ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த வெள்ளைத் துணியை வைத்துப் பார்க்க, ஈரம் படலாகாது. பின்னர், ஆளேற்றாமல் சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதித்து, தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டியபிறகே மலையேறுதல் தகும். ஏ.பி.எஸ். அமைப்புள்ள வண்டிகளைப் பட்டறைக்கே விடுதல் நன்று.

இவ்வேலையைத் தாமே செய்யாதவரும், பட்டறையில் செய்வது சரிதானா என்றறிய இம்முறையைத் தெரிந்திருத்தல் வேண்டும். குழாய்க்குச் செலவாகும் பணம் சொற்பம். அதை மிச்சம் பிடித்தால், வண்டியின் பின்புறம் நெருங்கி அமர்ந்து வீடு திரும்பும் வேலையாட்களே அதற்கு விலை கொடுக்க நேரும்.