வீட்டு கீசருக்கு வயசு எத்தனை? எப்போது மாற்ற வேண்டும்?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு கீசர் ஆடம்பரப் பொருள் இல்லை. தலைகுந்தா, காந்தள் போன்ற பள்ளப்பகுதிகளில் டிசம்பர், ஜனவரி காலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் கீசர் நின்றுபோனால், குழந்தையை எப்படிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது? அதனால்தான் பலர் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இது சரியில்லை.

தொட்டி உள்ள மின்சார கீசர், நன்றாகப் பராமரித்தால் பொதுவாக 8 முதல் 12 வருஷம் உழைக்கும். தொட்டிக்குள் மெக்னீசியத்தால் ஆன ஒரு கம்பி இருக்கிறது, 'ஆனோடு' என்பார்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. அது முழுக்கக் கரைந்துவிட்டால் அடுத்து அரிபடுவது தொட்டிதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கை வரவழைத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு வருகிறவர் நாமாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் இதைத் திறந்தே பார்ப்பதில்லை.

"தண்ணி சூடாக ரொம்ப நேரமாகுது, மாத்திடலாமா?" என்று கேட்பவர்கள் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 12 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர, 2 கிலோவாட் கீசருக்குச் சுமார் 25 நிமிஷம் ஆகும். சமவெளியில் 25 டிகிரித் தண்ணீருக்கு 18 நிமிஷமே போதும். ஆக, மலையில் கொஞ்சம் தாமதம் இயல்புதான். ஆனால் 40 நிமிஷம் ஆகிறதென்றால் மின் அழுத்தத்தையும் சந்தேகப்படுங்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வோல்ட்தான் வந்தால், அதே நல்ல கீசருக்கு 41 நிமிஷம் ஆகும். அப்படியானால் புது கீசர் வாங்கியும் பயனில்லை. 'மின்னகம்' எண் 94987 94987-ல் புகார் செய்யுங்கள்.

மின் அழுத்தம் சரியாக இருந்தால் ஹீட்டிங் காயில், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள். தொட்டியே ஒழுகினால் ஒட்டுப்போடச் செலவழிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். சுடுதண்ணீர் மட்டும் துரு நிறத்தில் வந்தாலும் தொட்டியின் காலம் நெருங்கிவிட்டது என்றே கொள்ளலாம். எட்டு வருஷம் தாண்டிய கீசருக்கு, புதியதன் விலையில் பாதியைப் பழுதுச் செலவாகக் கேட்டால், என் கருத்தில் அதைச் செலவழிப்பது வீண். குழாயைத் தொடும்போது லேசாக 'சுர்' என்று பிடித்தால் யோசிக்கவே வேண்டாம்; மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த்திங்கும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் கீசர் போடவே கூடாது.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி அங்கே குறைவு. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிட்டால் கேஸ் முழுசாக எரியாது, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கி, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். நீல ஜுவாலை மஞ்சளாக மாறினாலோ, கரி படிந்தாலோ, சர்வீஸ் செய்யும்வரை பயன்படுத்தாதீர்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் பொருத்த வேண்டும். மூடிய அறையில் கரி நெருப்பு மூட்டித் தூங்குவதிலும் இதே ஆபத்துதான். யாராவது மயங்கினால் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். கேஸ் கசிவுக்கு 1906.

புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையின் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். போலி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். தொட்டிக்கு ஒரு வாரண்டி, காயிலுக்கு வேறு வாரண்டி என்று இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள். வாரண்டி காலத்தில் கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம்.