இரவுண்ணாமையும் வயிற்றுத் தீயும்



கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது நம் குடும்பங்களின் வழக்கம். உயிர்க்கொலை தவிர்க்கவே இவ்விரதம் ஏற்பட்டது. உடல்நலம் அதனோடு வரும் பயன். ஆயினும், ‘இரவில் உண்ணாதவருக்கு அசீரணம் ஏது?’ என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். யானும் அவ்வாறே எண்ணியவள்.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், கார்த்திகை மாதங்களில் மாலை 5 மணிக்கு வீடு சேர்வேன். 5.40 மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். அந்த இடைவெளியில் இரண்டு வேளைச் சோற்றை ஒரு வேளையாக உண்டுவிட்டு, மாணவியரின் ஏடுகளைத் திருத்த அமர்வேன், நெஞ்செரியும். கடையில் லேகியம் வாங்கி விழுங்குவேன். விரதத்தைக் காத்தேனே அன்றி வயிற்றைக் காக்கவில்லை.

உண்டதைச் செரிக்கும் ஆற்றலை ஆயுர்வேதம் ‘அக்கினி’ என்கிறது. ஒரு நாள் செரித்து மறுநாள் செரியாமல் தடுமாறும் தீ விஷமாக்கினி. உண்டதை விரைந்து எரித்து மீண்டும் பசிக்கச் செய்வது தீட்சணாக்கினி. சிறிது உண்டாலும் கனத்துக் கிடப்பது மந்தாக்கினி. அளவான உணவை உரிய காலத்தில் செரிப்பது சமாக்கினி. சிறு அடுப்பில் ஈர விறகைத் திணித்தால் புகைதானே மிஞ்சும்? என் மாலை உணவு அத்தகையது.

வாக்படரின் ‘அஷ்டாங்க ஹிருதயம்’ இதற்கு ஓர் அளவு கூறுகிறது. வயிற்றை நான்கு பங்காகக் கொண்டு, இரண்டு பங்கைத் திட உணவாலும், ஒரு பங்கை நீர்மப் பொருளாலும் நிரப்பி, எஞ்சிய பங்கைக் காற்று இயங்க வெறுமையாய் விட வேண்டும். முன் உண்டது செரித்ததா என்று அறியவும் அடையாளங்கள் உண்டு: தூய ஏப்பம், உடல் இலேசாதல், மலசலம் தடையின்றிக் கழிதல், பசியும் தாகமும் தோன்றுதல். இவை தோன்றாதபோது, பொழுது சாய்கிறதே என்று உண்ண வேண்டியதில்லை, வெந்நீரோடு நிறுத்திக்கொள்ளலாம். பிற்பாடு யான் நண்பகலில் நிறைவாகவும் மாலையில் கஞ்சி அளவாகவும் உண்ணப் பழகினேன்; எரிச்சல் பெரிதும் தணிந்தது.

மருந்து வேண்டுமெனில் அஷ்ட சூரணம் நமக்கு ஏற்றது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் ஆகிய எட்டும் சேர்ந்தது. நெய்யிட்ட சோற்றின் முதற்கவளத்தோடு உண்பது முறை, தேன் தேவையில்லை. ஆனால் இது மந்தத்திற்கும் வாயுவுக்கும் உரியது; நெஞ்செரிச்சல் உடையவர் வைத்தியரைக் கேளாது உண்ணலாகாது. இரத்த அழுத்தமுடையோர் இந்துப்பும் உப்பே என்பதை மறவாதீர்.

தேனில் குழைக்கச் சொல்லும் மருந்துகளுக்கு நெய்யோ வெந்நீரோ துணையாகுமா என்று வைத்தியரிடம் தயங்காது கேளுங்கள். ஆசவ அரிட்டங்கள் புளிக்கவைத்து ஆக்கப்படுவதால் அவற்றில் தானே மது உண்டாகிறது. அவற்றை விலக்குவோர் கஷாயமாகக் கேட்டுப் பெறலாம். இக்கேள்விகள் புதியன அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தர் என்னும் சமண ஆசாரியர் வடமொழியில் ‘கல்யாணகாரகம்’ என்னும் மருத்துவ நூலை இயற்றினார். புலால் மருந்தாகாது என்று அரசவையில் அவர் வாதிட்டது அந்நூலின் இறுதியில் உள்ளது. 1940இல் அது சோலாப்பூரில் அச்சாயிற்று.

இனிப் பாரணை. இதில்தான் நம் வீடுகளில் பெரும்பிழை நேர்கிறது. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் முழுநாள் நோன்பிருந்தவருக்கு மறுநாள் காலையில் வடையும் பாயசமும் பரிமாறுவது அன்புதான். வயிறு அதனை ஏற்காது. உடற்சுத்தி சிகிச்சைக்குப்பின் ஆயுர்வேதம் உணவைப் படிப்படியாகத் தருகிறது: முதலில் நீர்த்த கஞ்சி, பின் குழைந்த கஞ்சி, பின் பயற்றம் பருப்பு நீர், அதன்பின்னரே வழக்கமான உணவு. பலநாள் நோன்பு முடித்தவருக்கும் இவ்வரிசை பொருந்தும். ஒருநாள் நோன்பிற்குக் காலையில் கஞ்சியும் நண்பகலில் பருப்புச் சோறும் போதும்.

நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்ட பின்னரே நோன்பிருக்க வேண்டும். உடல் மெலிதல், மலத்தில் இரத்தம், விழுங்குவதில் தடை ஆகியவை கண்டால் சூரணத்தை நம்பி நாள் கடத்தாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.