மலைப்புகையும் காற்றின் கொந்தளிப்பும்

தைமாதத்துத் தெளிந்த விடியலிலே, அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் மேட்டில் நின்று கீழே நோக்குவோமாயின், லயங்களின் அடுப்புப்புகை சற்றே எழுந்து, பின் மேற்செல்லாது, பள்ளத்தாக்கின்மீது தட்டையாய்ப் படிந்து கிடத்தலைக் காண்போம். வெயில் ஏறியதும் அது சிதறி மறையும். இதற்குக் காரணம் யாது?

முகிலற்ற இரவில் நிலம் வெப்பத்தை இழக்கிறது. அதனையொட்டிய காற்றும் குளிர்ந்து, பாரமாகி, சரிவுவழி இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. கீழே குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றுமாய் அமையும் இந்நிலை வெப்பநிலை நேர்மாறல் எனப்படும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் உறைபனி படிவதும் இத்தகைய இரவுகளிலேயாம். பாரமான காற்று மேலெழாதாகையால் சுழிகள் அடங்குகின்றன. புகை கலைய வழியில்லை. பகலில் நிலம் சூடேறவே சுழிகள் பிறந்து, புகையைத் தூய காற்றோடு கலக்கின்றன.

1961ஆம் ஆண்டில் பாஸ்குவில் என்னும் ஆங்கில வானிலை அறிஞர், காற்றின் வேகம், பகல் வெயில், இரவு முகில் ஆகியவற்றைக்கொண்டு இக்கொந்தளிப்பை ஆறு வகுப்புகளாக்கினார். புகை எவ்வளவு அகன்று பரவும் என்பதை வகுப்புக்கேற்பக் கணிக்கலாம். எனினும் அவை திறந்த சமநிலத்துக்கு வகுத்தவை. மலைப்பள்ளத்துக்கு அப்படியே பொருந்தா.

கொழுந்து பறிக்கச் செல்லுமுன் பெண்கள் அடுப்பு மூட்டும் வேளையோ, காற்று மிக அடங்கிய வேளை. அவ்வேளையை அவர்கள் மாற்ற இயலாது. புகைபோக்கி அறையைக் காக்கும், பள்ளத்தைக் காவாது. ஆதலின், உலர்ந்த விறகும் புகை குறைந்த அடுப்புமே முதற்றேவை. தோட்டங்களிற் பொறுப்பேற்றுள்ள நம் பழைய மாணவர் இதனை எண்ணுவாராக.