மாதிரியின் நான்காம் பகுதி

சுள்ளிக்கலிலும் அதனை அடுத்த மட்டாஞ்சேரிக் கடைத்தெருக்களிலும் அடுமனை, வறுவல் கடை, பிரியாணிக் கடை, பலசரக்குக் கடை எனச் சிறு உணவுத் தொழில்கள் மிகுதி. இத்தகைய கடைக்குக் கடன் கேட்டு வருவோரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று உண்டா என வினவினால், மாநகராட்சியின் வணிக உரிமத்தை எடுத்து நீட்டுவோரை நாம் இன்றும் காண்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

இக்குழப்பத்திற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், பல ஊர்களில் உணவு ஆய்வாளர் நகராட்சியின் ஊழியராகவே இருந்தார். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்தபின், உணவின் தரத்தை ஆராயும் அதிகாரம் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரின் கீழ் வந்தது. கேரளத்தில் மாவட்ட அளவில் உதவி ஆணையர் நியமன அலுவலராகவும், அவருக்குக் கீழே வட்டந்தோறும் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் உள்ளனர். மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவும் விலகிவிடவில்லை; வணிக உரிமம், கழிவகற்றல், பொதுச் சுகாதாரம் ஆகியவை அதன் பொறுப்பு. ஆகவே ஒரே கடைக்கு இரு துறையினரும் வரலாம். ஒருவருக்குக் காட்டும் தாள் மற்றவருக்குப் போதாது.

2011-இல் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறை, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரையுள்ள தொழிலுக்குப் பதிவையும் அதற்கு மேற்பட்டதற்கு உரிமத்தையும் கட்டாயமாக்கியது. பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என வைக்கப்பட்டது. இவ்வரம்புகள் திருத்தத்திற்கு உட்பட்டவை. விண்ணப்பிக்குமுன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று.

அலுவலர் வந்து குறை கண்டவுடன் கடை பூட்டப்படும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. சட்டம் அவ்வளவு விரைவதில்லை. திருத்தக்கூடிய குறையாயின் 32-ஆம் பிரிவின்படி மேம்பாட்டு அறிவிப்பு தரப்படும். என்ன குறை, எதைச் செய்ய வேண்டும், எந்நாளுக்குள் என்பன அதில் இருத்தல் வேண்டும். அக்கெடு 14 நாட்களுக்குக் குறையலாகாது. அதற்குள் திருத்தாவிடில் உரிமம் நிறுத்தி வைக்கப்படலாம். அதன் பின்னரும் அசட்டையாக இருந்தால், விளக்கம் கேட்டபின் ரத்தாகலாம். அறிவிப்பை எதிர்த்து ஆணையரிடம் முறையிட 15 நாட்களோ அறிவிப்பில் குறித்த கெடுவோ, எது முன்னதாக முடிகிறதோ அதுவே எல்லை. உரிமம் நின்றால் விற்பனை நிற்கும், தவணையும் நிற்கும். ஆதலால் இந்நாட்களை எண்ணுவதில் எமக்கும் அக்கறை உண்டு.

மாதிரி எடுக்கும் வேளைதான் கடைக்காரர் மிகவும் விழிப்புடன் இருக்க வேண்டிய நேரம். எடுத்த பொருளுக்கு வழக்கமான சில்லறை விலையை அலுவலர் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மாதிரி நான்கு பகுதிகளாக்கப்பட்டு முத்திரையிடப்படும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். எறணாகுளம் மாவட்டத்திற்கான அரசு ஆய்வகம் காக்கநாட்டில் உள்ளது. இரண்டு பகுதிகள் நியமன அலுவலரின் காவலில் இருக்கும். நான்காவது, கடைக்காரர் கேட்டால் மட்டுமே, அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்திற்கு அனுப்பப்படும். கேட்காதவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. பெரும்பாலோர் கேட்பதில்லை என்பதே எமது எண்ணம். இரு அறிக்கைகளும் முரண்பட்டால், காவலில் உள்ள பகுதியொன்று மேலாய்வகத்திற்குச் செல்லும். அதன் முடிவே இறுதி. பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதனை எதிர்த்து முறையிட, அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள் உண்டு.

தரம் குறைந்த உணவுக்கு அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை செல்லலாம். தொகையைத் தீர்மானிப்பவர் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத தீர்ப்பு அலுவலர். அடைந்த ஆதாயம், விளைந்த கேடு, குற்றம் மீண்டும் நிகழ்ந்ததா என்பன போன்றவற்றை அவர் கருத வேண்டும்.

இங்கேதான் ரசீது வருகிறது. 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்பு ஆணையர் கலப்படங் காரணமாகத் தேங்காய் எண்ணெய்ப் பெயர்கள் பலவற்றைத் தடை செய்தார். அவ்வெண்ணெயில் வறுத்தவரும் அதனைப் பலகையில் வைத்து விற்றவரும் கலந்தவர்கள் அல்லர். எனினும் யாரிடம் வாங்கினோம் என்று காட்ட வேண்டியவர்கள். 26-ஆம் பிரிவின்படி, விற்பவர் தரும் பில்லே பொருளின் தன்மைக்கும் தரத்திற்குமான உத்தரவாதமாகக் கொள்ளப்படும். பில்லின்றிச் சற்று மலிவாக வாங்கியவருக்கு அவ்வுத்தரவாதம் இல்லை. கணக்கு வழியே பணம் செலுத்துங்கள் என்று நாம் சொல்வதை வங்கியின் வழக்கமான பல்லவி என எண்ண வேண்டாம். வங்கிப் பதிவு பில்லுக்கு ஈடாகாது, ஆனால் பில்லுக்குத் துணை நிற்கும்.

மக்கள் உடல்நலத்திற்கு உடனடி ஆபத்து எனில் இவ்வளவு அவகாசம் கிடையாது. 34-ஆம் பிரிவின்படி ஆணையரின் உத்தரவால் தொழில் நிறுத்தப்படும். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தின் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பள்ளி மாணவி உயிரிழந்தார். அதன்பின் மாநிலமெங்கும் சோதனைகள் கடுமையாயின. 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைசுக்குக் கேரளம் தடை விதித்தது. பொட்டல உணவில் தயாரித்த நேரத்தையும் உண்ண வேண்டிய கால அளவையும் ஒட்டுமாறு பணித்தது.

வாங்குவோருக்கும் சட்டம் ஒரு வழி வைத்துள்ளது. 40-ஆம் பிரிவின்படி, வாங்கிய உணவை எவரும் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் ஆய்வுக்குத் தரலாம். அவ்வாறு தரும் எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றம் காணப்பட்டால் கட்டணம் திருப்பித் தரப்படும்.