பிளாக்ஹவுஸ் பேயில் அறை எடுக்கும் மாணவர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆக்லாந்து நகரின் தென்மேற்கே, மனுக்காவ் துறைமுகத்தின் வடகரையில் உள்ளது பிளாக்ஹவுஸ் பே. மாவோரி மக்கள் இந்தக் கரையை தே ஃபாவ் என்பர். 1860இல், போர் அச்சம் சூழ்ந்த நாட்களில், இங்கே கட்டப்பட்ட காவல் அரண் ஊருக்கு ஆங்கிலப் பெயரைக் கொடுத்தது. இன்று இந்திய, இலங்கைக் குடும்பங்கள் நிறைந்த அமைதியான குடியிருப்பு இது. நகர மையத்துக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் இங்கே அறை எடுத்துத் தங்குகிறார்கள். ரயில் நிலையம் இல்லை. பேருந்தில் போகலாம், அல்லது ஏவண்டேல், நியூ லின் நிலையங்களுக்குச் சென்று ரயிலேறலாம். இப்படிக் கிளம்பி வரும் பிள்ளைகளிடமும், ஊரிலிருக்கும் பெற்றோரிடமும் சில தவறான நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. நாடு திரும்ப வைக்கும் அளவுக்குச் செலவு வைப்பவை அவற்றில் சில. ஒன்று உயிரையே கேட்பது.

முதலாவது, நியூசிலாந்தில் படிப்பது அண்மையில் ஏஜென்ட்கள் கண்டுபிடித்த வழி என்பது. கொழும்பில் 1950 ஜனவரியில் கூடிய காமன்வெல்த் அமைச்சர்கள் மாநாட்டில் உருவானது கொழும்புத் திட்டம். அதன்கீழ் 1950களிலிருந்தே ஆசிய மாணவர்கள் நியூசிலாந்தில் உதவித்தொகையில் படித்தார்கள். டில்லி எய்ம்ஸ் மருத்துவக் கழகம் எழுந்ததும் இதே திட்டத்தில் நியூசிலாந்து கொடுத்த நிதியின் துணையால்தான். மாறியது பணம் கைமாறும் திசை. 1989ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பின் வெளிநாட்டு மாணவர் முழுக் கட்டணம் செலுத்திப் படிப்பவரானார். அன்று அரசு சுமந்த செலவை இன்று குடும்பம் சுமக்கிறது. அதனால்தான் அடுத்து வரும் நம்பிக்கை இத்தனை வலுவாக இருக்கிறது.

பகுதிநேர வேலையில் வரும் சம்பளமே படிப்பை நடத்திவிடும் என்பது அந்த நம்பிக்கை. கணக்குப் போட்டாலே இது உடைகிறது. 2025 நவம்பர் 3 முதல் வழங்கப்படும் மாணவர் விசாவில், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 25 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு முன் 20 மணி நேரமே; பழைய விசா வைத்திருப்பவருக்குக் கூடுதல் ஐந்து மணி நேரம் தானாக வந்துவிடாது, விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 23.50 டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஊதியத்தில் வாரம் தவறாமல் 25 மணி நேரம் என ஆண்டு முழுவதும் உழைத்தாலும், வரிக்கு முன் கிடைப்பது 30,550 டாலர். வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் ஆண்டுக்கு 20,000 டாலர் கையிலிருப்பதாகக் குடிவரவுத் துறையிடம் காட்ட வேண்டும். வெளிநாட்டவர் சேரும் பல முதுகலைப் படிப்புகளுக்கு ஆண்டுக் கட்டணம் 40,000 டாலரைத் தாண்டுகிறது. இரண்டையும் கூட்டினால் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு ஆகிறது. அந்த வேலையும் விமானம் இறங்கிய வாரமே கிடைப்பதில்லை. வேலையை நம்பி நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கை யாராவது முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

விதிவிலக்கு முனைவர் பட்ட ஆய்வு. அதில் சேரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணமே செலுத்துகிறார். வேலை நேரத்துக்கும் வரம்பு இல்லை. நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் இந்த வழியை ஆராயாமலே கடனில் இறங்குவது வருத்தத்துக்குரியது.

சொந்தக் காரில் வாடகை சவாரி ஓட்டலாம், உணவு கொண்டுசேர்க்கலாம் என்ற பேச்சும் உலவுகிறது. மாணவர் விசாவில் சுயதொழில் அனுமதி இல்லை. முதலாளியிடம் ஒப்பந்தத்தின் பேரில் சம்பளத்துக்கு வேலை செய்யவே அனுமதி உண்டு. செயலி வழிச் சவாரியும் உணவு விநியோகமும் பொதுவாகச் சுயதொழிலாகவே கணக்கிடப்படுகின்றன. நம் ஆள்தானே என்று குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கையில் காசாகக் கொடுப்பவர் செய்வது சட்டமீறல். மாணவர் என்பதால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு குறைவதில்லை.

பட்டம் வாங்கினால் குடியுரிமை வந்துவிடும் என்பதும் தவறு. படிப்பின் நிலையையும் காலத்தையும் பொறுத்து அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் வேலை செய்யும் விசா கிடைக்கலாம். நிரந்தர வசிப்புரிமைக்கு விதிகள் வேறு, விண்ணப்பம் வேறு.

வீட்டு விஷயத்தில் ஊர்ப் பழக்கம் மனக்கணக்கைக் குழப்புகிறது. ஊரில் மாத வாடகை, பத்து மாத முன்பணம். நியூசிலாந்தில் வாடகை வாரக்கணக்கில் பேசப்படுகிறது. 250 என்று கேட்டு மலிவென மகிழ்பவர் மாதத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் கொடுக்கிறார். முன்பணத்துக்கு இங்கே பாண்ட் என்று பெயர். நான்கு வார வாடகைக்கு மேல் அதைக் கேட்கக் கூடாது. வாங்கியவர் 23 வேலை நாட்களுக்குள் அரசின் வாடகைச் சேவைத் துறையில் செலுத்திவிட வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் உண்டு என்று நம்புவது ஆபத்து. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமல் உடன் தங்குபவருக்கு வாடகைச் சட்டம் பொருந்தாது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டில் ஓர் அறை எடுப்பவருக்கும் அப்படியே. பிளாக்ஹவுஸ் பேயில் தெரிந்தவர் வீட்டில் தங்கும் மாணவர் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறார். எழுத்தில் ஒரு சிறு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது உறவைக் கெடுக்காது.

குளிரைப் பற்றிய பயம் தலைகீழானது. பனி கொட்டும் என்று கனத்த கோட்டுகளை வாங்கி வருகிறார்கள். ஆக்லாந்தில் பனி விழுவது அரிதிலும் அரிது. 2011 ஆகஸ்டில் சில துகள்கள் விழுந்தபோது அதுவே பெருஞ்செய்தியானது. ஜூலை மாதப் பகலில் 14, 15 பாகை, இரவில் 7, 8 பாகை: கொடைக்கானலின் மார்கழியை ஒத்த குளிர். வாட்டுவது வீட்டுக்குள் நிற்கும் ஈரம். பழைய மரவீடுகளில் சுவர் பூஞ்சை பிடிக்கும், சட்டை காயாது. வாடகை வீட்டின் முதன்மை அறையை 18 பாகைக்குச் சூடாக்கும் நிலையான கருவி கட்டாயம் என்பது சட்டம். அறை பார்க்கும்போதே அதைக் கேட்க வேண்டும். வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. டிசம்பரும் ஜனவரியும் இங்கே கோடை. சென்னையைவிட இதமாகத் தோன்றும் அந்த வெயிலில் புற ஊதாக் கதிர் கடுமையானது. கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பதை மருத்துவர்கள் ஏற்பதில்லை.

மருத்துவம் இலவசம் என்பது பாதி உண்மை. 1974 முதல் இயங்கும் ஏ.சி.சி. என்ற விபத்து ஈட்டு அமைப்பு, யார் தவறு என்று பாராமல், வெளிநாட்டு மாணவர், சுற்றுலாப் பயணி உட்பட எவருக்கும் விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவில் பங்கேற்கிறது. காய்ச்சலுக்கோ குடல்வாலுக்கோ அது உதவாது. அதற்காகத்தான் காப்பீடு கட்டாயம்.

பெட்டியில் ஊறுகாய், கருவாடு, பொடி வகைகள் கொண்டுவரக் கூடாது என்றொரு நம்பிக்கை. மறைத்துக் கொண்டுவரலாம் என்று இன்னொன்று. விமான நிலையத்தில் எதையும் அறிவித்துவிட்டால் அபராதம் கிடையாது; மிஞ்சினால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். கறிவேப்பிலைக் கொத்துக்கும் இது பொருந்தும்.

நியூசிலாந்து விசாவில் ஆஸ்திரேலியாவையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் உண்டு. இரண்டும் தனி நாடுகள்; இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஆஸ்திரேலிய விசாவைத் தனியே பெற வேண்டும்.

விடுமுறை நாள் பயணங்கள் பெரும்பாலும் கடலை நோக்கியே. கடலோரத்தில் வளர்ந்தவருக்குக் கடல் பழக்கம் என்ற நம்பிக்கை இங்கேதான் பொய்க்கிறது. இந்தக் கரையின் கடல் வேறு குணம் கொண்டது. மனுக்காவ் துறைமுக முகத்தின் மணல்திட்டில் 1863 பிப்ரவரி 7 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஆர்ஃபியஸ் மோதி உடைந்தது. 189 பேர் மாண்டார்கள். தேர்ந்த மாலுமிகளையே விழுங்கிய அதே மேற்குக் கரையில்தான் கறுப்பு மணல் பரந்த பீஹா கடற்கரை இருக்கிறது. முழங்கால் ஆழத்தில் நிற்பவரையும் உள்ளே இழுக்கும் நீரோட்டங்கள் அங்கே உண்டு. அலை குறைவாகவும் நீர் அமைதியாகவும் தெரியும் இடமே பல வேளைகளில் அந்த இழுவை ஓடும் தடம். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டுமே உயிர்க்காவலர்களின் கண் இருக்கும், அதுவும் காவல் நேரத்தில் மட்டும். இழுக்கப்பட்டால் எதிர்த்து நீந்தக் கூடாது. பதறாமல் மிதக்க வேண்டும், கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், ஓட்டம் தளரும்வரை அதன் போக்கில் போக வேண்டும். ஈரப் பாறை மேல் நின்று படம் எடுப்பதும் தூண்டில் போடுவதும் இதே அளவு ஆபத்தானவை.

பிளாக்ஹவுஸ் பேயின் சொந்தக் கடற்கரையில் அந்த அலை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது ஏற்ற வற்ற நேரம்: வற்றத்தில் சேறுதான் தெரியும், ஏற்றத்தில்தான் குளிக்க முடியும். பெருமழைக்குப் பின் கழிவு கலந்திருக்கலாம் என்பதால், சேஃப்ஸ்விம் என்ற இணையதளத்தில் அன்றைய நீரின் நிலையைப் பார்த்துவிட்டு இறங்குவது உள்ளூர்க்காரர் வழக்கம்.